டம்ளருக்குள் அணைந்த மெழுகுவர்த்தி

எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். ஏன் என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "தீயிலேர்ந்து வந்த புகை உள்ளே நிரம்பிடுச்சு" என்று சொல்லக்கூடும். "தப்பு, ஆக்சிஜன் குறைஞ்சு போச்சு" என்று பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். பிள்ளை அடுத்த கேள்விக்கு வாயே திறக்காது.

ஆனால் 18-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் பலரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்! எரியும் பொருளிலிருந்து 'ஃப்ளோஜிஸ்டன்' என்று ஒன்று வெளியேறுகிறது, சுற்றியுள்ள காற்றில் அது நிரம்பிவிட்டால் தீ அணைகிறது என்பது அவர்கள் கணக்கு.

1772-ல் பிரான்சில் லவாய்சியர் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து எடை பார்த்தார். ஏதோ வெளியேறினால் எடை குறைய வேண்டுமே? கூடியிருந்தது! அப்படியானால் காற்றிலிருந்து ஏதோ வந்து சேர்கிறது. அதுதான் ஆக்சிஜன். இதில் வேடிக்கை, 1774-ல் அந்த வாயுவைப் பிரித்தெடுத்த இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி, 1804-ல் இறக்கும்வரை ஃப்ளோஜிஸ்டனைக் கைவிடவே இல்லை.

இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால், தன் பதில் முட்டாள்தனம் அல்ல, சோதித்துப் பார்க்க வேண்டிய பதில் என்று பிள்ளைக்குப் புரியும். பெயர்களும் ஆண்டுகளும் மறந்துபோகட்டும். அடுத்த கேள்விக்கு அது தைரியமாகக் கை தூக்கும்.