ஏடும் எந்திரமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் முன்னோர். பொறியியற் கல்விக்கு இம்மொழி முற்றும் பொருந்தும். மலேசியாவில் பொறியியற் பட்டப்படிப்புகளை மதிப்பிடும் அங்கீகார மன்றம், மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது 8 வாரங்கள் தொடர்ந்து தொழிற்பயிற்சி பெறவேண்டும் என விதித்திருப்பது இதனாலேயே.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிறந்த பிள்ளைக்கு இப்பயிற்சி தனிச்சிறப்புடையது. நகரத்துப் பிள்ளைக்குத் தந்தையோ மாமனோ பொறியாளராக இருத்தல் கூடும். தொழிற்சாலையின் நடைமுறைகளை அவன் வீட்டிலேயே கேட்டறிவான். தோட்டத்துப் பிள்ளைக்கோ செம்பனை ஆலையின் சங்கொலி தெரியும். ஆலையின் உட்புறம் தெரியாது. அக்கதவைத் திறப்பது பயிற்சியே.

உள்ளே அவன் காண்பதென்ன? பழக்குலைகள் ஏறக்குறைய 140 பாகை வெப்பமுள்ள நீராவியில் அவிக்கப்படுகின்றன. எண்ணெயைச் சிதைக்கும் நொதி அவ்வெப்பத்தில் செயலிழக்கிறது. பழங்களும் குலையிலிருந்து எளிதில் உதிர்கின்றன. பிழிந்தபின் எஞ்சும் நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகி, அவ்வாலைக்கே நீராவியும் மின்சாரமும் தருகின்றன. நூலில் வெறும் எண்களாக நின்ற வெப்பவியல் இங்கே உயிர் பெறுகிறது. அடிபட்ட பழமும் தாமதித்து வந்த பழமும் எண்ணெயில் அமிலத்தைப் பெருக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தறியும்போது, தன் குடும்பத்தார் பிடித்த அரிவாளும் தான் கற்ற கணக்கும் ஒரே தொழிலின் இரு முனைகள் என்பது அவனுக்கு விளங்குகிறது. பட்டம் பெறாத பழைய பிட்டர், எந்திரத்தின் ஓசை கொண்டே பழுதை உணர்வதையும் அவன் காண்கிறான். கல்லூரியில் கிடைக்காத ஆசான் அவர்.

ஆயின், இவ்வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டுவதில்லை. செனவாங், நீலாய்த் தொழிற்பேட்டைகளும், 1960களில் எழுந்த போர்ட்டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இம்மாநிலத்திலேயே உள்ளன. எனினும் உதவித்தொகை இல்லாத இடத்துக்கு அறை வாடகையும் பேருந்துக் கட்டணமும் கொடுத்துச் செல்ல ஏழைக் குடும்பத்தால் இயலுமா? வசதியற்ற மாணவன் கிடைத்த அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கி நாளைக் கழிப்பானாயின், பட்டம் கைக்கு வரும்; தொழில் கைவராது.

தோட்டத்தில் பிறந்து பொறியாளராக உயர்ந்தோர் இன்று நம்மிடையே பலர். தாம் பணியாற்றும் ஆலையில் ஆண்டுக்கு ஒரு மாணவனுக்கேனும் இடம் பெற்றுத் தருவதும், தம் இல்லத்தில் அவனுக்கு எட்டு வாரங்கள் தங்க இடமளிப்பதும் அவர்க்கு அரிய செயல்கள் அல்ல. பரிசளிப்பு விழாவில் அணிவிக்கும் மாலையினும் இவ்வுதவி நெடுநாள் வாடாது நிற்கும்.