உன் சத்தம் எதுடா?

53 வயசு ஆசாமி ஒருவன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் ஆறரை மணிக்கு டோம்பிவிலி லோக்கலில் ஏறினால் என்ன ஆகும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். ஏற முடியாது. அதுதான் ஆகும்.

2023 மார்ச் மாதம். மும்பை தோபி தலாவில், மெட்ரோ தியேட்டர் பக்கத்துக் கடையில் பில் போட்டு, உறையில் போட்ட வாத்தியத்தைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். இரண்டு வண்டியை விட்டுவிட்டு, கடைசியில் லக்கேஜ் டப்பாவில் ஏறினேன். காலி மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்த கோலிப் பெண்மணி ஒருவர், "பையனுக்கா?" என்று மராத்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் "எனக்குத்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் தங்கமணி பார்த்த பார்வையை வர்ணிக்கப் போவதில்லை. "18,000 சொச்சமா? இதுல நாலு கம்பிதானே இருக்கு, ஆறு கம்பி வச்சது இதைவிட சல்லிசா கிடைக்குமே" என்றார். நியாயமான கேள்வி.

கொஞ்சம் கொசுவர்த்தியைச் சுற்றிக்கொள்கிறேன்.

1989. திருச்சி. காலேஜில் இரண்டாம் வருஷம். பாலக்கரைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தார். அவர் கடையில் ஈயம் பற்ற வைக்கும் புகை நடுவே பழியாய்க் கிடப்பேன். குழுவின் பேஸ்காரர் துபாய் போய்விட்டார். "உனக்குத்தான் விரல் நீளமா இருக்கே" என்று அண்ணன் அந்தக் கல்கத்தா கிட்டாரை என் கழுத்தில் மாட்டிவிட்டார். என் சங்கீதத் தகுதி அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கேஸட்தான் குரு. டேப் ரிக்கார்டரில் பேஸ் குமிழை முழுசாகத் திருகி, ட்ரெபிளை ஒட்டக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு நாலு நாலு நொடியாகப் போட்டுப் போட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோதுதான் இளையராஜா பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுகிறது என்று தெரிந்தது. சாதாரணமாக பேஸ் என்றால் கார்டின் மூல ஸ்வரத்தைத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருப்பது. ராஜா அதற்குத் தனி மெட்டே எழுதிவிடுவார். பாடகர் மேலே போனால் இது கீழே இறங்கும், அவர் மூச்சு வாங்கினால் இது ஒரு வார்த்தை பேசும். அதை வாசித்தவர் சசிதரன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் அறிந்துகொண்டேன். 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாட்டுகளைப் பிறகு நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். குரலை விட்டுவிட்டு அடியை மட்டும் கேளுங்கள். நான் அந்த ஒரு படத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன்.

ராத்திரிக்கு 75 ரூபாய், பரோட்டா சால்னா தனி. மாரியம்மன் திருவிழா, பங்குனி உத்திரம், கல்யாண ரிசப்ஷன். விடியற்காலை நாலு மணிக்கு வேனில் டிரம்ஸ் மேல் தலை வைத்துத் தூங்கியபடி ஊர் திரும்புவோம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க். திட்டவும் மாட்டார், பேசவும் மாட்டார், அது அதைவிட மோசம். 1991-ல் உறையூர்ப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் வந்து, தெருக்கோடி டீக்கடை ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை பேப்பரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"பாட்டெல்லாம் கேட்டேன். அதுல உன் சத்தம் எதுடா?"

"அடியில வரும்பா."

"அடியிலன்னா?"

"தும் தும்னு... தபேலாவோட சேர்ந்து..."

"தபேலா கேட்டுது. நீ கேக்கலியே" என்று சொல்லிப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது. விஷயம் என்னவென்றால், டீக்கடைப் புளியமரத்தில் மைக் செட்காரர் கட்டியிருந்தது கூம்பு ஸ்பீக்கர். அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் வெளியே வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், மெல்லிய கம்பியே 98. மேடைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பெட்டி ஸ்பீக்கர் வழியாக வயிற்றில் அதிரும். தெருக்கோடியில் நின்றவருக்குப் பாட்டு இருக்கும், நான் இருக்க மாட்டேன். இந்தக் கணக்கெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரிடம் ஹெர்ட்ஸ் பற்றி யார் பேசுவது?

1992-ல் பம்பாயில் வேலை கிடைத்தது. கிட்டார் குழுவுடையது, கொடுத்துவிட்டு ரயிலேறினேன். அப்பா கேட்ட கேள்வியால்தான் விட்டேன் என்று சொன்னால் அது சினிமா. ஆனால் விடுவதற்கு ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கவில்லை. அப்புறம் வாடகை வீடு, கல்யாணம், வீட்டுக்கடன், பெண்ணின் படிப்பு. முப்பது வருஷம். உங்களுக்குத் தெரியாததா?

அம்மா போன பிறகு, 2015-லிருந்து அப்பா எங்களோடு டோம்பிவிலியில். இப்போது காது சரியில்லை. மிஷின் வாங்கிக் கொடுத்தோம். டிராயரில் பத்திரமாக இருக்கிறது. தங்கமணி நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். குக்கர் விசில் கேட்காது. ஆனால் கீழே தண்ணீர் மோட்டார் போட்டால் "மோட்டார் போட்டாச்சு, பக்கெட்டை வை" என்பார். "வேணும்கிறது மட்டும் கேக்குது" என்று தங்கமணிக்கு ஆதங்கம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2022 கடைசியில் காது டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடப் பக்கம் தாழ்ந்த ஒலி, வலப் பக்கம் உயர்ந்த ஒலி. 500 ஹெர்ட்ஸ் வரை அப்பாவின் கோடு கிட்டத்தட்ட நேராக வந்தது. 2000 தாண்டியதும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிட்டது. வயசானால் மேல் ஒலிதான் முதலில் போகும், பெண்கள், குழந்தைகள் குரல் தெளிவாக விழாது, அடி ஒலி கடைசி வரைக்கும் ஓரளவு நிற்கும் என்றார் டாக்டர். தங்கமணி என்னைப் பார்த்தார். நான் அந்தக் கோட்டின் இடப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் தோபி தலாவுக்குப் போனேன். உடனே போகத் தைரியம் வரவில்லை.

மறுபடி ஆரம்பிப்பது சைக்கிள் ஓட்டுவது மாதிரி, மறக்கவே மறக்காது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. இடது கை மோதிர விரல் மடக்கினால் மாட்டிக்கொள்ளும், அப்புறம் 'டக்'கென்று விடும். ட்ரிக்கர் ஃபிங்கர் என்கிறார்கள். நரம்பில்லை, தசைநாண் அதன் உறைக்குள் சிக்கிக்கொள்வது. சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருமாம். ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். ஓரளவு தேவலை. 34 அங்குல நீளக் கம்பி ஆகாது என்று 30 அங்குலக் குட்டை பேஸாக வாங்கினேன். மெல்லிய கம்பி மாட்டிக்கொண்டேன். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று இளவயதில் பழகியதை விட்டுவிட்டு, பெரிய நின்று வாசிக்கும் டபுள் பேஸ்காரர்களின் முறைக்கு மாறினேன். அவர்கள் கீழ் ஸ்தானங்களில் ஆள்காட்டி, நடு, சுண்டு மூன்றால் மட்டும் வாசிப்பார்கள். மோதிர விரல் சுண்டு விரலுக்கு முட்டுக்கொடுத்துச் சும்மா நிற்கும். என் விரலுக்கு ஏற்ற உத்தியோகம் :-)

ஐந்து மாதம் ஹெட்போனில்தான் வாசித்தேன். யாருக்கும் கேட்காது, எனக்கே சகிக்காது. 21 வயதில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த இடத்தில் விரல் கால் நொடி பின்தங்கியது. மற்ற வாத்தியங்களில் சமாளித்துவிடலாம். பேஸில் கால் நொடி பிந்தினால் வீடே சாய்ந்த மாதிரி இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 8 அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயரை அப்பாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தேன். அவர் மத்தியானத் தூக்கம் முடிந்து சும்மா படுத்திருந்தார். எடுத்தவுடன் ஏ கம்பியைத் தட்டினதும் அலமாரியில் டபரா ஒன்று கிடுகிடுவென்று ஆடியது.

"மோட்டார் போட்டுட்டாங்களா?" என்று எழுந்தார்.

"இல்லப்பா, நான்."

கையைச் சாடையாகக் காட்டி, படுங்கள் என்றேன். நித்யா படத்துப் பாட்டு ஒன்றின் சரணத்தை மெதுவாக வாசித்தேன். பாட்டு இல்லை, தபேலா இல்லை. வெறும் அடி. ஒரு இடத்தில் விரல் மாட்டிக்கொண்டது. நிறுத்தி, எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. அப்பா கட்டில் சட்டத்தின் இரும்பில் கையை வைத்தார். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் சட்டத்தின் மேல் விரல் தாளம் போட ஆரம்பித்தது. என்னைவிட நேராகப் போட்டார்.

முடித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"உறையூர்ல இதைத்தான் வாசிச்சியா?"

தலையாட்டினேன். 32 வருஷத்துக்கு முந்தைய கச்சேரி. நான்தான் மனசில் வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"இதுக்கா 75 ரூபா குடுத்தாங்க?"

"பரோட்டா தனிப்பா."

"ம். அந்த நடுவுல நின்னு போச்சே, அந்த எடம். அதை இன்னொரு தரம் வாசி."

மறுபடி எடுத்தேன். காபி ஆறுகிறது என்று தங்கமணி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாராம். எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.