ஒட்டுக் கன்று சொல்லும் பாடம்

சிரம்பானுக்குத் தெற்கே, ரெம்பாவ் போகும் வழியில் இருக்கிறது சுங்கை காடுட். இரயிலில் போய் இறங்கிப் பாருங்கள். வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்கூடங்களும் பெருகிவிட்டன. ஆயினும் இது பால்மரம் வாழவைத்த வட்டாரம்.

அந்தப் பால்மரமே கடல் கடந்து வந்ததுதான். 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாக இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது.

ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்றின் அடிப்பட்டையைக் கத்தியால் கீறித் திறப்பார்கள். அதிகப் பால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, அங்கே பொருத்திக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து அவிழ்க்கும்போது பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. பிறகு அதற்கு மேலுள்ள தண்டை வெட்டிவிடுவார்கள்.

பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இதே ஒட்டு வேலையைப் பேசுகிறார். ஆனால் அங்கே தலைகீழ்! தோட்டக்காரர் நல்ல மொட்டைச் சாதாரண நாற்றில் ஒட்டுவார். கர்த்தரோ காட்டு ஒலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுகிறார். கிளைக்குத் தகுதி ஏதுமில்லை, எல்லாம் கிருபை. ஆகவே, தன்னைத் தாங்குவது வேரே என்பதை மறந்து, மற்றக் கிளைகளுக்கு எதிராகக் கிளை பெருமை பேசலாகாது என்பதே அவருடைய எச்சரிக்கை.

பட்டணத்தில் குடியேறிய நம் பிள்ளைகளில் சிலர், தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று சொல்லக் கூசுகிறார்கள். விடியுமுன் உளி எடுத்துப் போன தாத்தாவும் பாட்டியும் அல்லவா அவர்களுடைய வேர்?

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளையோடு ஒரு கன்று நடுங்கள். தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று கேட்டால், வேரில் என்று சொல்லுங்கள்.