மேசைமேல் ஒரு மரக்கலம்

விடைத்தாள்களும் பாடக்குறிப்புகளும் இல்லாத மாலைப் பொழுதுகளில் நான் கப்பல் கட்டுகிறேன். என் கப்பல்கள் கடலில் மிதப்பதில்லை, மேசைமேல் நிற்கின்றன. தேக்குச் சிம்புகள், பருத்தி நூல், தேன்மெழுகு, மரப்பசை, சிறிய அரம், கூரிய கத்தி ஆகியவையே என் கட்டுதளத்தின் உடைமைகள். தமிழாசிரியருக்கு இந்த வேலை எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்கு நான் கூற விரும்பும் விடையே இக்கட்டுரை.

மாதிரிக் கப்பலை விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர் பலர். இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. விளையாட்டுக் கப்பல் பார்வைக்குக் கப்பலைப் போன்றிருந்தால் போதும். மாதிரிக் கப்பலோ, உண்மைக் கப்பல் எவ்வரிசையில் உருவானதோ அவ்வரிசையிலேயே உருவாக வேண்டும். முதலில் அடிமரமாகிய எரா, அதன்மேல் விலா எலும்புகளைப் போல் நிற்கும் வங்குகள், இருபுறத்து வங்குகளையும் இணைக்கும் குறுக்கு மரங்களாகிய பருமல்கள், பிறகு பலகைகள், இறுதியில் பாய்மரமும் கயிறுகளும். இவ்வரிசையில் ஒன்றைத் தவிர்த்தாலும் அடுத்தது நிலைகொள்ளாது.

இக்கலை மிகப் பழைமையானது. எகிப்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகெத்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையில், மாலுமிகளோடு கூடிய மரப்படகு மாதிரிகள் 1920ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன. 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில், வழிபாட்டிடம் ஒன்றில் காணிக்கையாக வைக்கப்பட்ட கப்பல் மாதிரி, இன்று நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனை 'மட்டாரோ மாதிரி' என்பர். அக்காலக் கப்பல்களின் கட்டமைப்பை ஆராய்வோர் இன்றும் அதன் முன் நின்று வினாத் தொடுக்கின்றனர். செய்தவர் மறைந்து 500 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் கைவேலை விடையளித்துக்கொண்டிருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், போர்க்கப்பல்களின் மாதிரிகள் தனிச்சிறப்புடன் செய்யப்பட்டன. அவற்றுள் பலவற்றில் அடிப்பகுதியைப் பலகையால் மூடாமல், வங்குகள் வெளியே தெரியுமாறு விட்டனர். அழகைவிட அமைப்பைக் காட்டுவதே மேல் என்று கருதிய அவர்களின் உள்ளம் என்னைக் கவர்ந்தது.

நான் கட்டியவற்றுள் என் மனத்திற்கு நெருக்கமானது, 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பலின் மாதிரி. இலங்கைத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய அக்கப்பல் பம்பாயில், ஜாம்செட்ஜி பொமான்ஜி வாடியா என்னும் பார்சிக் கப்பல் வல்லுநரின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கால் கட்டப்பெற்று 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அஃது இன்றும் மிதக்கிறது.

அதன் நீளம் ஏறத்தாழ 46 மீட்டர். 100இல் ஒரு பங்கு என்னும் அளவில் என் மாதிரி 46 சென்டிமீட்டர். அவ்வளவில், தளத்தில் நடமாடும் மாலுமியின் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள வடம் ஒரு மில்லிமீட்டர் நூலாகிவிடும்.

பலகை பொருத்துவதே இவ்வேலையின் கடினமான பகுதி. கப்பலின் வயிறு அகன்றது. முன்பகுதியாகிய அணியம் குறுகியது. நடுவில் எத்தனை பலகைகள் உள்ளனவோ அத்தனையும் அணியத்தில் சென்று சேர வேண்டும். எனவே, பூசணிக்காயின் பட்டைகள் நடுவில் அகன்று இரு முனைகளிலும் ஒடுங்குவதைப் போல, ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கி ஒடுக்கிச் செதுக்க வேண்டும். பிறகு நீரில் ஊறவைத்து, வெப்பம் காட்டி, வங்கின் வளைவுக்கு இணங்கும்வரை மெல்ல வளைக்க வேண்டும். விரைந்தால் மரம் முறியும். ஒரு மாலையில் இரண்டு பலகைகள் பொருந்தினால் அது நல்ல மாலை.

இவ்வேலை என் வகுப்பறைக்கும் உதவியது. 'பருமல் என்பது குறுக்கு மரம்' என்று பல்லாண்டுகள் பொருள் கூறி வந்தவன் நான். பருமல் வைக்காத கலத்தின் பக்கங்களை இரு விரல்களால் அழுத்தினால் அவை உள்நோக்கி ஒடுங்குகின்றன. பருமல் பொருத்தியபின் அசைய மறுக்கின்றன. அலையின் அழுத்தத்தைத் தாங்குவது எது என்பதை என் விரல்கள் அறிந்தபின், அச்சொல்லை நான் கற்பிக்கும் முறையே மாறியது.

'திருகோணமலை' கப்பலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் வரைபடங்களை இந்தியாவிற்கு ஏற்றி வந்த 'ஜாவா' என்னும் கப்பல், 1812ஆம் ஆண்டு டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றிடம் தோற்று எரிந்தழிந்தது. வரைபடங்களும் அழிந்தன. ஆயினும் வேறு படி அனுப்பப்பட்டது; கப்பல் உருவாயிற்று. தாளில் இருந்த அறிவுக்கு மறுபடி இருந்தது.

மறுபடி இல்லாத அறிவை நான் தூத்துக்குடியில் கண்டேன். ஒரு காலத்தில் பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளின் ஊர் அது. கலம் கட்டும் தச்சரைக் கடற்கரை மக்கள் 'ஓடாவி' என்பர். எழுபது வயதைக் கடந்த ஓடாவி ஒருவர், பழைய தோணி ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பற்று வேலை நடந்துகொண்டிருந்தது.

"தோணிக்கு வரைபடம் உண்டா ஐயா?" என்று கேட்டேன்.

"வரைபடமா? மூங்கில் பட்டையை வளைச்சுப் பாப்பேன் வாத்தியாரையா. கண்ணுக்கு ஒத்து வந்தா அதுதான் அளவு" என்றார்.

வளைந்து வளர்ந்த கருவேலங்கிளையைப் பார்த்ததும், அது கலத்தின் எந்த இடத்து வங்காகும் என்பதை அவர் கண்கள் அறியும். வளைவின் போக்கிலேயே நார் ஓடுவதால், நேர்மரத்தை அறுத்து வளைவாக்கியதைவிட அஃது உறுதி மிக்கது. இவ்வறிவு எந்தத் தாளிலும் இல்லை. அவர் மக்களோ வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். அவர் கைகள் ஓய்ந்தால், எரிந்த கப்பலின் வரைபடத்தைப் போல அதுவும் மறையும்; வேறு படி எவரிடமிருந்தும் வாராது.

அவர் இசைவுடன் இரண்டு கோடை விடுமுறைகளில் அத்தோணியை நூல்கொண்டு அளந்து குறித்தேன். மூன்றாம் ஆண்டு, மாதிரியைத் துணியில் சுற்றி அவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். வலப்புறம் பலகை பொருத்தியும், இடப்புறம் வங்குகள் தெரியுமாறு திறந்தும் அதனை அமைத்திருந்தேன்.

"ஒரு பக்கம் பலகை அடிக்காமலே விட்டுட்டீங்களே" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"உள்ளே இருப்பது தெரியவேண்டும் ஐயா" என்றேன்.

அருகில் நின்ற பேரன் திறந்த பக்கத்தில் விரலை நுழைத்து, "தாத்தா, இந்த வங்கு மட்டும் ஏன் தடியா இருக்கு?" என்று கேட்டான்.

முதியவர் மாதிரியைத் தம் மடிமேல் வைத்துக்கொண்டார். அங்கேதான் பாய்மரம் ஊன்றும். காற்றின் சுமை முழுவதையும் அவ்விடம் தாங்கவேண்டும் என்று தொடங்கினார். சிறுவன் அடுத்த வங்கைத் தொட்டான். விளக்கேற்றும் நேரம்வரை வினாவும் விடையும் ஓயவில்லை.

மாதிரி ஒருவரின் கைத்திறனைக் காத்துவிடும் என்று நான் கூறமாட்டேன். மரத்தைக் கண்டதும் அதனுள் வங்கைக் காணும் கண்ணை மேசைமேல் வைக்க இயலாது. வடிவத்தையும் வரிசையையும் மட்டுமே அது காக்கிறது. ஆயினும், அறிந்தவர் ஒருவரும் அறிய விரும்பும் ஒருவரும் அருகமர்ந்து பேச, நடுவில் ஒரு பொருள் வேண்டியுள்ளது. அதனைச் செய்து வைக்க முடியும்.

மாணவர்களே, உங்கள் தெருவிலும் தறி நெய்பவர், மாட்டுவண்டி செய்பவர், கூடை முடைபவர் இருக்கக்கூடும். அவர்களின் பொருள் ஒன்றை அட்டையிலோ மூங்கிலிலோ சிறிதாகச் செய்துபாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தயங்குகிறதோ, அந்த இடத்தைச் சுட்டி அவரிடம் கேளுங்கள். அவர் பேசத் தொடங்குவார்.