இறங்கச் சொல்லாத தெரு

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தோம். புது விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. அதனால் பையன்கள் எங்கள் காலத்து விளையாட்டு ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து ஏற்றிவிட்டார்கள்: 'நீட் ஃபார் ஸ்பீடு: அண்டர்கிரவுண்டு 2'. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டே கேட்டான்: "ஏண்ணா, நடுராத்திரியில ரோட்ல ரேஸ் உடுறாங்க, ஒரு போலீஸ்கூட வரலையே?"

பதில் தெரியாமல் சிரித்து வைத்தோம். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பிறகு பல இரவுகள் உட்கார்ந்து அந்த விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை மறுபடியும் ஆடி முடித்தோம். இந்த விமர்சனம் அந்தப் பையனுக்கான பதில்.

முதலில் பழைய கதை. 2005-ல் நாங்கள் மூன்று பேர் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். மூன்று பேரும் காசு பங்கு போட்டு ஒரே நாற்காலியில் நெருக்கி உட்காருவோம். ஒருவன் வண்டியைத் திருப்புவான், ஒருவன் நைட்ரஸ் பொத்தானை அமுக்குவான், ஒருவன் வரைபடம் பார்த்து வழி சொல்லுவான். தோற்றால் வழி சொன்னவன்தான் காரணம்.

சனிக்கிழமை ஊருக்குப் போவோம். காலனிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். அந்தத் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அப்பா இறங்கினார், பார்த்து நாங்களும் இறங்கினோம். மூன்று பேருக்கும் வேறு வேறு ஊர். மூன்று ஊரிலும் இறங்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். 'அண்டர்கிரவுண்டு' முதல் பாகம் 2003-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2004-ல். வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். உருவாக்கியது கனடாவின் வான்கூவரில் இருந்த ஈஏ பிளாக் பாக்ஸ். தெருப் பந்தயக் கார்களை வைத்து 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்டு தி ஃபியூரியஸ்' படத்தின் அலை ஓயாத நேரம் அது. முதல் பாகத்தில் பட்டியலில் ஒரு பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தால் நேராக அங்கே போய் நிற்போம். இரண்டாம் பாகம் செய்த பெரிய மாற்றம், 'பேவியூ' என்ற கற்பனை நகரம் முழுவதையும் திறந்து விட்டது. பந்தயம் நடக்கும் இடத்துக்கு நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கடைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வழியில் இன்னொரு பந்தய வண்டி தென்பட்டால் பின்னால் போய்ச் சவால் விடலாம்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. நம் நாயகன் பெயர் இல்லாதவன், வாய் திறக்காதவன். தங்களோடு சேரச் சொன்ன கும்பலை மறுக்கிறான். ஒரு ஹம்மர் வண்டி அவன் காரை இடித்து நொறுக்குகிறது. சில மாதம் கழித்து பேவியூ விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். ரேச்சல் என்ற பெண் தன் நிசான் 350இசட் காரை ஓட்டக் கொடுக்கிறாள். அங்கிருந்து தொடங்கி, கேலப் என்பவனை வெல்வது வரை கதை போகிறது.

ஓட்டுவதில் உள்ள சுகம் இன்றும் குறையவில்லை. எப்போதும் இரவு. மழை பெய்து சாலை மினுங்கும். டிராக் பந்தயத்தில் கியரைச் சரியான நொடியில் மாற்றாவிட்டால் எஞ்சின் புகைந்து நின்றுவிடும். அந்தக் காலத்தில் நாங்கள் கைதட்டி அலறியது அங்கேதான். இந்தப் பாகத்தில் புதிதாகச் சேர்த்த பெரிய வண்டிகளின் பந்தயம் மட்டும் சலிப்பு. எருமையைக் குளத்திலிருந்து ஏற்றுவதுபோல் இருக்கிறது. கடைசிப் பகுதியில் ஒரே மாதிரிப் பந்தயங்களைத் திரும்பத் திரும்ப ஆட வைக்கிறார்கள். நகரமெங்கும் நிஜ நிறுவனங்களின் விளம்பரப் பலகைகள் வேறு.

விடுதிக் காலத்தில் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. இந்த விளையாட்டில் வேகமாக ஓட்டினால் மட்டும் போதாது. வண்டியின் தோற்றத்துக்கும் நட்சத்திர மதிப்பெண் உண்டு. அது ஏறினால்தான் பத்திரிகை அட்டையில் வண்டியின் படம் வரும். அதற்காக நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ ஒட்டுப்படம், விளக்கு, பின்னிறக்கை என்று வாங்கி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு இது அந்நியமாகப் படவில்லை. முதல் மதிப்பெண் வாங்கினாலும் சட்டை கசங்கியிருந்தால் "விடுதிப் பையன்" என்று ஒதுக்கிய வகுப்பறையில் படித்தவர்கள் நாங்கள். பித்தளைச் செம்பில் கரி போட்டுச் சட்டை தேய்த்துப் போட்டவர்கள். திறமை ஒன்றே போதும் என்று சொல்லும் உலகம் தோற்றத்துக்குத் தனியாக மதிப்பெண் போடும் என்பதை இந்த விளையாட்டாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

சரி, அந்தப் பையனின் கேள்வி. போலீஸ் எங்கே? இந்த இரண்டு 'அண்டர்கிரவுண்டு' பாகங்களிலும் போலீஸ் கிடையாது. அடுத்து 2005-ல் வந்த 'மோஸ்ட் வான்டட்' போலீஸ் துரத்தலையே முக்கிய வேடிக்கையாக்கியது. பேவியூவில் போலீஸ் மட்டும் இல்லை என்று நினைக்காதீர்கள். நடைபாதையில் நடப்பவர்களும் இல்லை. சாலையில் மற்ற கார்கள் போகும். கட்டடங்களில் விளக்கு எரியும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், டீக்கடையில் நிற்பவர், யார் போவது என்று எட்டிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. தொடக்கத்தில் நகரத்தின் சில பகுதிகள் பூட்டியிருக்கும். பீக்கன் ஹில், ஜாக்சன் ஹைட்ஸ், கோல் ஹார்பர் எல்லாம் பந்தயங்களை ஜெயிக்க ஜெயிக்கத் திறக்கும். நீ யார் வீட்டுப் பையன் என்று எந்தத் தடுப்பும் கேட்காது.

பிரவுசிங் சென்டரில் எங்களைக் கட்டிப் போட்டது இதுதான் என்று இப்போது புரிகிறது. இறங்கச் சொல்லாத தெருவை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அந்தத் திரையில். ஆனால் அந்தச் சுதந்திரம் எப்படிக் கிடைத்தது? தெருவிலிருந்து மனிதர்களை எல்லாம் அழித்துவிட்டதால் கிடைத்தது. மனிதர்கள் இருக்கும் தெருவில் எங்களைப்போன்ற ஒருவன் எப்படி ஓட்டுவது என்று அந்த விளையாட்டிடம் கேட்டால், சொல்ல அதற்கு ஒன்றுமில்லை.

அழிக்கப்பட்டவர்கள் யார் என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் எங்களை நிறுத்தியது. இந்தப் பாகத்தில் காருக்கு 'ஹைட்ராலிக்ஸ்' மாட்டலாம். பொத்தானை அமுக்கினால் கார் குதிக்கும், தாழும், உயரும். எங்களுக்கு அது சிரிப்புக் காட்டும் பொருள். ஆனால் அதன் பிறப்பிடம் வேறு. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், சிகானோக்கள், பழைய கார்களை வாங்கித் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, பளபளவென்று வர்ணம் பூசி, மெதுவாக ஊர்வலம்போல் ஓட்டுவார்கள். 'லோரைடர்' என்று பெயர். 1958-ல் அந்த மாநிலம் காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் இரும்பு வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அடுத்த வருடமே ரான் அகிரே என்ற இளைஞர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் காரை உயர்த்தலாம், போனதும் தாழ்த்தலாம். அந்தக் கருவியின் வரலாற்றில் போலீஸ் இருக்கிறது. விளையாட்டு கருவியை எடுத்துக்கொண்டது, போலீஸை விட்டுவிட்டது, அந்த இளைஞர்களையும் விட்டுவிட்டது.

அவர்கள் வண்டி ஓட்டிய தெருக்களில் புகழ்பெற்றது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் விட்டியர் புலவார்ட். 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிராகச் சிகானோக்கள் திரண்ட நாளில், ரூபன் சலசார் என்ற பத்திரிகையாளர் ஷெரீப் துறைக் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்ததும் அதே தெருவில்தான். மெதுவாகச் சுற்றி வருவதைத் தடுக்கும் உள்ளூர்ச் சட்டங்களையும் அந்தப் பழைய உயர வரம்பையும் கலிபோர்னியா நீக்கியது 2024 ஜனவரி 1 முதல். அறுபது வருடத்துக்கு மேல், கார் எவ்வளவு தாழ்வாக இருக்கலாம் என்பது சட்டப் பிரச்சினை. உண்மையில் அந்தக் காரில் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து போகலாமா என்பதுதான் பிரச்சினை.

நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1901-ல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் பீமராவுக்கு மசூர் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டி கிடைக்கவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஒதுங்கினார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். அண்ணல் தன் நினைவுக் குறிப்புகளில் முதலில் எழுதியது இந்தப் பயணத்தைத்தான்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடத்தில் நம்மவர்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பதைத் தனியாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. பிரிவு 3(1)-இல் 'இசட்ஏ' என்ற உட்பிரிவு. செருப்பு அணிவதும் புதுத்துணி உடுத்துவதும் அதே வரியில் வருகின்றன. சைக்கிள் என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால், எத்தனை தெருக்களில் எத்தனை பேர் இறங்கியிருக்க வேண்டும்?

இப்போது எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் மையத்தில் படித்த ஒருவன் வேலைக்குப் போய்த் தவணையில் பைக் வாங்கினான். சைலன்சர் சத்தம் போடும் வண்டி. அவன் அம்மா மையத்துக்கு வந்து நின்றார். "ஊர்த்தெரு வழியா போவாதடான்னா கேக்க மாட்றான் தம்பி. நீங்க சொன்னா கேப்பான்." நாங்களும் சொன்னோம். "ஏரிக்கரை வழியா சுத்திப் போடா, ரெண்டு கிலோமீட்டர்தானே." அவன் எதுவும் பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்று அந்த அம்மாவின் பயத்தைக் குறைத்தோம் என்று எங்களுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதியைத்தான் இந்த விளையாட்டு கெடுத்துவிட்டது. நாங்கள் அவனுக்குச் சொன்ன ஏரிக்கரைப் பாதையும் ஒரு பேவியூதான். ஆள் இல்லாத வழி, யாரும் கேட்காத வழி. அங்கே எவ்வளவு வேகமாகப் போனாலும் ஊர்த்தெருவில் எதுவும் மாறாது.

வண்டியை முறுக்கிக்கொண்டு பந்தயம் விட்டு உயிரை விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த அம்மாவின் பயம் பொய்யும் இல்லை. ஒருவனைத் தனியாக அனுப்பிவிட்டுச் சட்டப் பிரிவு சொல்வதும் சரியில்லை. போன வாரம் அவனிடம் போய்ப் பேசினோம். "அன்னிக்கு நாங்க சொன்னது தப்பு" என்றோம். அவன் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தான். "நான் ஒரு நாளும் சுத்திப் போகலண்ணா. அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

அடுத்த ஞாயிறு எங்கள் மூன்று சைக்கிளும் அவன் பைக்கும் சேர்ந்து அந்தத் தெருவில் போவதாக இருக்கிறோம். மெதுவாகத்தான், இறங்காமல். வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனும் வருகிறேன் என்கிறான். அவன் வீட்டில் கேட்க வேண்டும்.

விளையாட்டை ஆடலாமா என்று கேட்டால், தாராளமாக ஆடுங்கள். டிராக் பந்தயத்தில் கியர் மாற்றும் நொடியைப் பிடிக்கப் பழகுங்கள், அந்தச் சுகம் உங்களுக்கும் உரியது. ஆடி முடித்ததும் அந்தப் பையன் கேட்டதைப்போல் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவில் யாரைக் காணோம்?

ஜெய்பீம்.