டீச்சர் அக்கா

தருவைகுளத்தில் என் வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்குக் கணக்கு சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா. மாலத்தீவுப் பள்ளியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஏழாம் மாதமே திரும்பினார். “பாதியில வந்தவள மறுபடி எவன் கூப்பிடுவான்?” என்றது ஊர். 2023 அக்டோபரில் எங்கள் ஊர் மீனவர்கள் 12 பேரை அங்கே பிடித்ததும், “அந்தத் திசையே வேண்டாம்” என்றார் அவர் அப்பா.

அக்கா அசரவில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் லெட்டர் வாங்கித்தான் வந்திருந்தார். புது விண்ணப்பத்தில் அந்த ஏழு மாதத்தை மறைக்காமல் காரணத்தோடு எழுதினார். வேறொரு தீவுப் பள்ளி அழைத்தது.

முதல் செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்து, யாரிடமும் சொல்லாமல் பெட்டி கட்டியவன் நான். கிளம்புமுன் அக்கா சொன்னார்: “ஏலே, விட்டுட்டு வரலாம். ஓடி மட்டும் வராத. ஓடுனா திரும்பிப் போக வழி இருக்காது.”

பெட்டியைப் பிரித்துவிட்டேன். இரண்டு அரியர் முடிந்தது, ஒன்று பாக்கி.