பெற்றவர்கள் ருசித்துச் சாப்பிடட்டும்

பேரப்பிள்ளைகளே, தாய் தகப்பனைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று கேட்டால் மருந்து, பரிசோதனை, மாதம் தவறாமல் அனுப்பும் பணம் என்று சொல்வீர்கள். மூன்றும் வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஆச்சி நான், அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். தினமும் ஒரு வேளையாவது அவர்கள் தங்களுக்குப் பிடித்ததை, பிடித்த பக்குவத்தில், ரசித்துச் சாப்பிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைகளின் கடமைதான்.

நான் பிறந்து வளர்ந்ததும், இன்று இருப்பதும் கொச்சியின் மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில். சாப்பாட்டைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு கொடுங்கல்லூர்த் துறைமுகம் மண்மூடிப் போய், வணிகம் கொச்சிப் பக்கம் நகர்ந்தது. அங்கிருந்து வந்த யூதர்கள் 1344-ல் கொச்சங்காடியில் ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டை யூதத் தெருவில் 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தில் பார்க்கலாம். செம்புக் கூரையால் பெயர்பெற்ற செம்பிட்ட பள்ளியும் எங்கள் கொச்சங்காடியில்தான். செர்ளாயில் கொங்கணிகள், குஜராத்தி வீதியில் குஜராத்திகள், வேளியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள், இடையிடையே கச்சி மேமன்கள் என்று எல்லோரும் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும் தூரத்தில் வாழ்கிறோம்.

யார் வீட்டில் இன்று என்ன சமையல் என்று இங்கே கேட்க வேண்டியதில்லை. கொங்கணி வீட்டில் பலா இலைக் கிண்ணத்தில் இட்லி வேகும். சேம்பிலையில் மசாலா மாவைத் தடவிச் சுருட்டி பத்ரடோ அவிப்பார்கள். நோன்பு மாதத்தில் ரவையும் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, நெய்யில் வறுத்த சின்ன வெங்காயமும் முந்திரியும் போட்ட தரிக்கஞ்சி வரும். டச்சுக்காரர்கள் விட்டுப்போன ப்ரூடர் ரொட்டி ஃபோர்ட் கொச்சி பேக்கரியில் கிடைக்கும். பிரியாணி என்றால் 1948-ல் தொடங்கிய காயிக்காவின் கடை. இப்படிப்பட்ட இடத்தில்தான் என் அம்மாவும் அப்பாவும் குடும்பம் நடத்தினார்கள்.

அப்பாவின் ஊர் செங்கோட்டைப் பக்கம். 1956 வரை அது திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மலையாளச் சீமைக்கு வேலைக்கு வருவது புதிதில்லை. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் குவிந்து கிடக்கும் ஒரு பண்டகசாலையில் அவர் கணக்கு எழுதினார். மாலையில் திரும்பும்போது சட்டையில் சுக்கு வாசனை இருக்கும், கையில் ஒரு பொட்டலம் இருக்கும். சுடச்சுட பழம்பொரியோ, பாசிப்பயறும் வெல்லமும் வைத்த சுகியனோ அதில் இருக்கும். அதைப் பிரித்து வைத்து, கட்டன் சாயாவோடு திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் மெல்ல மென்று சாப்பிடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த நிறைவை வேறெந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்த நிறைவுக்கு ஒரு காரணம் இருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், பர்மா அரிசியை நம்பியிருந்த கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் சோறு அரிதாகிவிட்டது. மரச்சீனிக் கிழங்கைத் தின்று ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா அப்போது மீசை அரும்பும் பையன். 1964-ல் கேரளம் முழுக்க ரேஷன் வந்தபோது கார்டும் பையுமாக வரிசையில் நின்றது எனக்கே நன்றாக நினைவிருக்கிறது. பசியை அறிந்தவர்கள் இலையில் விழுந்த சோற்றை எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கு ஓரளவுக்குத்தான் புரியும். ஆகையால் உங்கள் தாத்தா ஒரு பலகாரத்தைக் கண்டு கண் விரித்தால் ‘வயசான காலத்தில் இவ்வளவு ஆசையா’ என்று சிரிக்காதீர்கள். அவர் வாழ்ந்த காலத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அம்மா சொல்லும் ‘எதுவானாலும் சரி’

அப்பாவின் ருசி ஊருக்கே தெரியும். அம்மாவின் ருசியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் தலைமுறைத் தாய்மார்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் ‘எதுவானாலும் சரி’ என்பார்கள். அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். மற்றவர் தட்டை நிறைத்தே பழகிய கைக்குத் தன் தட்டைப் பற்றிப் பேச வராது.

வாய் சொல்லாததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சந்தையில் எந்தக் கூடைக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டு, விலை கேட்டு, வாங்காமல் நகர்கிறாள்? கல்யாணப் பந்தியில் எதை இரண்டாம் முறை வாங்கிக்கொள்கிறாள்? எல்லோரும் எழுந்த பிறகு எந்தச் சட்டியை வழித்து உண்கிறாள்? பிறந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது எந்தப் பண்டத்தின் பெயர் அடிக்கடி வருகிறது? இதையெல்லாம் கொஞ்ச நாள் கவனித்தால் போதும், உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என் அம்மாவுக்குச் சாளை மீன் உயிர். குடம்புளி போட்டு, மண்சட்டியில் வைத்து, மறுநாள் காலை வரை ஊறிய சாளைக் குழம்பும், வேகவைத்து மசித்த மரச்சீனியும். பஞ்ச காலத்தில் வேறு வழியின்றித் தின்ற அதே கிழங்கைப் பிற்காலத்தில் ஆசையோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பொரித்த மீனில் நல்ல துண்டு எங்களுக்குப் போகும். அவள் தலையை எடுத்துக்கொள்வாள். தலைதான் ருசி என்று சொல்வாள். உண்மையிலேயே அவளுக்குத் தலை பிடித்திருந்ததா, எங்களுக்காகச் சொன்னாளா என்பதை அறிய, அண்ணன் ஒரு நாள் நடுத்துண்டுகளை முதலில் அவள் தட்டில் வைத்தான். அம்மா ஒன்றும் பேசாமல் அத்தனையையும் சாப்பிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதல் துண்டு அம்மாவுக்கு என்பது சட்டமாயிற்று. உங்கள் வீட்டிலும் அந்தச் சட்டம் வரட்டும்.

ஆசைக்குத் தடை போடாதீர்கள்

அப்பா போன பிறகு அம்மா மீனைத் தொடவில்லை. கேட்டால் மனசில்லை என்றாள். தாலி இறங்கிய பெண் ருசியாகச் சாப்பிடலாமா என்று கேட்ட உறவினர்களும் இருந்தார்கள். இத்தாத்தா என்று நாங்கள் அழைத்த பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவால்தான் அந்த நிலை மாறியது. நோன்பு மாதத்தில் தினமும் மாலை ஒரு கிண்ணம் தரிக்கஞ்சியோடு வந்து, அம்மா குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். பெருநாள் கழிந்ததும், கழுவிய சாளையைச் சட்டியோடு கொண்டுவந்து, ‘இன்னிக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து வைக்கலாம்’ என்றார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இதிலிருந்து நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள் முதலில் இழப்பது பசியைத்தான். தனியாக உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் கை நீளாது. ஒரு ஆளுக்காக என்ன சமைப்பது என்று பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். நாளடைவில் உடம்பு மெலியும், தசை கரையும், கால் தடுமாறும். சாப்பாட்டை வாங்கி அனுப்புவதோடு நிறுத்தாமல் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். துபாயிலோ பெங்களூரிலோ இருந்தால், நீங்கள் சாப்பிடும் நேரத்தில் வீடியோ அழைப்பில் வந்து, இருவரும் தட்டை எதிரே வைத்துக்கொண்டு பேசுங்கள். பார்க்கச் சின்ன விஷயம்தான். அந்தப் பக்கத்தில் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

விதவையான அம்மாவின் தட்டில் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்க உறவுக்கோ ஊருக்கோ உரிமையில்லை. நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள்.

நோய் வந்தால் அளவு குறையட்டும்

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆச்சி, சர்க்கரை இருக்கிறதே, ரத்த அழுத்தம் இருக்கிறதே? நியாயமான கேள்வி. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. கேரளம் அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கிறது. எனக்கும் உண்டு. ஆகையால் வாய்க்கு வந்ததையெல்லாம் தின்னுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிள்ளைகள் பல வீடுகளில் செய்வது வேறு. அல்வா டப்பாவைப் பூட்டி வைக்கிறார்கள். விருந்தில் எல்லோர் முன்னாலும் ‘அம்மா, உனக்கு இது கூடாது’ என்று தட்டை நகர்த்துகிறார்கள். குடும்பத்தையே ஊட்டி வளர்த்த ஒருத்தியைத் திருடிச் சாப்பிட வைக்கிறார்கள். அந்த அவமானம் நெஞ்சில் தைக்கும். ஒளித்துத் தின்பவருக்கு அளவும் தெரியாது.

மருத்துவரிடம் போகும்போது ‘இனிப்பு கொடுக்கலாமா’ என்று கேட்காதீர்கள். கூடாது என்றுதான் பதில் வரும். ‘வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு, எந்த வேளையில்’ என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்டு வந்த அளவில், ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றைக் குறைத்துக்கொண்டு, விரல் அளவு அல்வா கிடைக்கிறது. அந்த விரல் அளவுக்காகத் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருக்கிறேன். ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவு மாறும் என்பதால் அவரவர் மருத்துவர் சொல்வதே கணக்கு.

உப்பு விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வயது ஏற ஏற மூக்கின் கூர்மை மங்கும், நாக்கும் மந்தமாகும். சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். அப்பா குழம்பில் உப்பில்லை என்று குறை சொன்னால் அது வம்புக்காக இருக்காது, அவருக்கு உண்மையிலேயே ருசி எட்டவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு உள்ளே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். அப்படியானால் ருசிக்கு எங்கே போவது? பஜார் ரோட்டின் பண்டகசாலைகளில் காலங்காலமாகக் குவிந்த பொருள்கள் எதற்கு இருக்கின்றன? புதிதாக இடித்த மிளகு, இஞ்சி, வறுத்த சீரகம், கருவேப்பிலை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, நெய்யில் சிவந்த சின்ன வெங்காயம். உப்பைக் குறைத்த குழம்புக்கு இவை மணம் கொடுக்கும். மங்கிய நாக்குக்கும் அந்த மணம் எட்டும். பல் போனவர்களுக்குக் காயைக் குழைய வேகவிடுங்கள், மீனை முள் எடுத்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் கலந்து அரைத்து ஒரே கூழாக நீட்டாதீர்கள். வயதானவர்களுக்கும் ஒவ்வொரு கறியின் ருசியும் தனித்தனியாக வேண்டும்.

பெற்ற பிள்ளை மட்டுமா?

எங்கள் பக்கத்தில் ஊரறிந்த ஒரு உறவு இருந்தது. யூதத் தெருவில் கைத்தையல் கடை நடத்திய சாரா கோஹனுக்குப் பிள்ளைகள் கிடையாது. தெருவில் தபால் அட்டை விற்கும் சிறுவனாக அவர் வீட்டுக்கு வந்த தாஹா இப்ராஹிம், சாராவின் கணவர் ஜேக்கப் மறைந்த பிறகு அவருக்கு ஒரு மகனைப்போல் இருந்தார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் சாரா மறையும்வரை அந்த உறவு நீடித்தது. அவர் கடையையும் நினைவுகளையும் தாஹா இன்றும் காத்து வருகிறார். யூத வீட்டின் சமையலுக்கு விதிகள் உண்டு. இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது, வெள்ளி மாலை சூரியன் மறைந்த பிறகு தீ மூட்டக்கூடாது. வேறு மதத்துப் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர் அடுப்படியின் ஒழுங்கையும் மதிக்க வேண்டும். உங்கள் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரியவர் இருப்பார். அவர் எதைச் சாப்பிடுவார், எதைத் தொடமாட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு கிண்ணத்தை அந்த வீட்டுக்கும் எடுத்துப்போங்கள்.

கைப்பக்குவத்தைக் கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள்

கடைசியாக ஒன்று. அம்மாவின் சாளைக் குழம்பை அவள் இருக்கும்போதே பக்கத்தில் நின்று கற்றேன். ‘புளி எவ்வளவு’ என்றால் ‘பார்த்துப் போடு’ என்பாள். அவள் கையில் எடுத்த புளியை ஒரு கிண்ணத்தில் வாங்கி அளந்து எழுதிக்கொண்டேன். எந்தக் கட்டத்தில் தீயைக் குறைத்தாள், எப்போது கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினாள் என்பதையும் குறித்துக்கொண்டேன். அவளால் எழுந்து நிற்க முடியாமல் போன நாள்களில் அந்தக் குறிப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. அவள் சமைத்த ருசியை அவளுக்கே திருப்பிக் கொடுக்க முடிந்தது. வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் சமைத்த ஒருத்திக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. சமையல் மகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கி நிற்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அண்ணன் வைத்த குழம்பை அம்மா குறை சொன்னதே இல்லை.

ஆகவே பிள்ளைகளே, இந்த வாரமே தொடங்குங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிடித்த பண்டங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். எழுத முடியாமல் நின்றால், அவர்களையே கேளுங்கள். அவர்களுடைய சகோதரியிடமும் பழைய சிநேகிதரிடமும் விசாரியுங்கள். மருத்துவர் சம்மதிக்கும் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அதில் ஒன்றை உங்கள் கையால் செய்து, முதல் தட்டை அவர்களுக்குப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். எங்கள் வயதில் எங்களுக்கு வேண்டியிருப்பது இதுதான், இதைக் கொடுக்க உங்கள் எல்லோராலும் முடியும்.